பழங்காநத்தத்தில் பிந்தி விழுந்த நிழல்

வஜ்தி குடியிருந்தது மதுரை பழங்காநத்தத்தில். அவர் நிழல் விழுந்தது அலெக்சாந்திரியாவின் வெயிலுக்கு. எகிப்தில் அவருடைய நாவலைத் தடை செய்து வழக்கும் போட்டிருந்தார்கள். திரும்பினால் சிறை. தனியார் கல்லூரியொன்றில் அரபு கற்பிக்க வந்து, ஒரு டீக்கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்தார். அவர் ஊரில் பொழுது மூன்று மணி நேரம் பிந்தி விடிவதால் காலையில் அவருக்கு நிழலே இருக்காது. டீக்கடை நல்லகாமன் கிளாஸை நீட்டிக்கொண்டே, "என்னண்ணே, நிழலு இன்னும் எந்திரிக்கலையா?" என்பார். உச்சியில் எல்லார் நிழலும் காலடிக்குள் சுருங்கும்போது அவருடையது மட்டும் மேற்கே நீண்டு கிடக்கும். கடை வாசலில் பூ விற்கும் தமிழ்வாணி, மாட்டுத்தாவணியில் வாங்கிய மல்லிகைக் கூடையை அந்த நிழலுக்குள் நகர்த்திக்கொள்வார். அங்கே வைத்த மொட்டு சாயங்காலம் வரை வாடுவதில்லை. லேசாகக் கடற்காற்றின் வாசம் மட்டும் ஏறியிருக்கும். வாங்கியவர்கள் முதலில் குறை சொன்னார்கள், பிறகு அதையே கேட்டு வாங்கினார்கள்.

அலெக்சாந்திரியாவில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். மதியம் மாடியிலிருந்து இறங்கி நிழலைப் பார்த்தால், அம்மா முற்றத்தில் துணி காயப்போடும் நேரம் என்று வஜ்திக்குத் தெரியும். நிழல் அப்படி விழும்வரை, தான் அந்த ஊர்க்காரன்தான் என்று நம்பினார். வருடங்கள் போயின. ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசப் பழகினார். ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றி எழுதிய இரண்டு நாவல்கள் பெய்ரூட்டில் அச்சாயின. பிறகு ஒருநாள் கனவில் அம்மா தமிழில் பேசினார். அன்று விடிந்ததிலிருந்து வஜ்தி படியில் உட்கார்ந்து நிழலுக்காகக் காத்திருந்தார்.

"இந்த ஊரு ஒட்டிக்கிருமோன்னு பயமாண்ணே?" என்றார் தமிழ்வாணி.

"ஒட்டிட்டா எங்கம்மாவுக்கு என்னைய அடையாளம் தெரியாதும்மா."

"பெத்தவளுக்குத் தெரியாமப் போகுமா? செத்த தள்ளி உக்காருங்க, நிழலு வந்தா பூவுல விழணும்."

நிழல் வழக்கமான நேரத்துக்கு வந்து வழக்கமான பக்கமே விழுந்தது.

வழக்கு தள்ளுபடியானபோது அம்மாவுக்கு நடை தளர்ந்திருந்தது. இனி நானும் நிழலும் ஒரே ஊரில் இருப்போம் என்று சொல்லிவிட்டு வஜ்தி விமானம் ஏறினார். தமிழ்வாணி காளவாசலுக்குப் போய்ப் பெரிய குடையாக ஒன்று வாங்கிவந்தார்.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. நல்லகாமன் ஸ்பீக்கரில் போட்டார். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வஜ்தி முற்றத்தில் நின்றாராம். சுவர், கொடித்துணி, பூனை எல்லாவற்றின் நிழலும் மேற்கே நீண்டிருக்க, அவருடையது காலடிக்குள் சுருண்டு கிடந்ததாம். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மதுரையில் இப்போது மணி என்ன என்று கேட்டார். பன்னிரண்டு தாண்டியிருக்கும் என்றார் வஜ்தி. அப்படியானால் உனக்குப் பசிக்குமே என்று அம்மா சுவரைப் பிடித்தபடி எழுந்துபோய்ச் சாப்பாடு எடுத்து வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் காலை ஒன்பது மணிக்குத்தான் மதியச் சாப்பாடு.