பதினொன்றாவது படி

மாடி ஏறும்போதெல்லாம் தம்பி பத்தாவது படியில் நின்றுவிடுவான். நாலு மாதமாக இப்படித்தான். "மேல யாரோ ஏறுறாங்கக்கா. இன்னும் ஒரு அடிதான், அப்புறம் சத்தம் நின்னுடுது" என்பான். அக்கா போய்ப் பார்ப்பாள். மாடியில் ஒரு ஈ காக்கா இருக்காது.

அக்காவுக்கு ஆங்கிலக் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலை. தம்பி வெல்டர். ஓர் ஆலையில் அவன் பற்றவைத்துக் கொடுத்த இரும்புப் படி மூன்றாம் நாளே பிய்த்துக்கொண்டது. அதில் ஏறிய ஆலை ஃபிட்டர் விழுந்து செத்துப்போனார். "இரும்புல கோளாறு. என் தம்பி கை வெச்சா ஆனை மிதிச்சாலும் அசையாது" என்று அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் சண்டை பிடித்தாள்.

அன்று மத்தியானம் விசாரணை அறிக்கையைத் தம்பி கொண்டுவந்து நீட்டினான். ஆங்கிலத்தில் இருந்தது.

"என்னைப் பத்தி என்னக்கா எழுதியிருக்கு?"

"பழுதுபார்த்தது சரியா அமையலையாம்."

"அவ்வளவு பெரிய வரிக்கு இவ்வளவுதானா?" அவன் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தான். "இது என்ன?"

பி, ஓ, டி, சி, எச் - 'botch'. அக்காவுக்குத் தெரிந்த சொல்தான். வாய் வரவில்லை. அகராதியைப் புரட்டினாள். வேலை தெரியாமல் கை வைத்துக் கெடுப்பது, சொதப்புவது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அவள் முகம் தெளிந்தது.

"இதைக் கேளு. முன்னாடி இதுக்கு ஒட்டுப்போடுறது, சரிபண்றதுன்னுதான் அர்த்தமாம். எந்த வேர்ல இருந்து வந்ததுன்னு உறுதியாத் தெரியலையாம். சரியா ஒட்டாம ஒட்டாம, பின்னாடிதான் கெட்ட பேராயிடுச்சு. நீயும் சரிபண்ணத்தானேடா போன?"

தம்பி இல்லையென்று தலையை ஆட்டினான். "நான் துருவைச் சுரண்டலைக்கா."

"என்ன?"

"சாப்பாட்டு நேரம். பசி. துருமேலயே பத்தவெச்சு பெயிண்டை அடிச்சுட்டேன். எனக்கு வேலை தெரியும். தெரிஞ்சேதான் பண்ணினேன்."

அக்கா அகராதியை மூடினாள். யார் யாரிடம் என்னென்ன பேசியிருந்தாளோ, அத்தனையும் நினைவுக்கு வந்தது. "கிளம்பு" என்றாள்.

ஃபிட்டர் வீட்டில் அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். அதே அறிக்கை பிரிக்காத உறையில் அலமாரிமேல் கிடந்தது. தம்பி வாசலில் நின்றபடியே சொன்னான். துரு, பசி, பெயிண்ட், எதையும் விடவில்லை.

அவள் அழவில்லை. "எத்தனையாவது படி?" என்றாள்.

"பதினொன்னு."

"இதை உள்ள வந்து என் மாமியார்கிட்ட சொல்லுங்க. கால் தடுக்கி விழுந்துட்டான், நடக்கத் தெரியாத பயலுன்னு நாலு மாசமா அவங்க பிள்ளையைத்தான் திட்டிட்டு இருக்காங்க."

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டாள். அவன் குரல் மட்டும் வந்தது, விட்டு விட்டு. அப்புறம் கிழவி பேசினாள். தம்பியிடம் பேசுகிற குரல் இல்லை அது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் மெதுவாகக் கேட்பது போல இருந்தது.

"அப்போ நீ தடுக்கி விழலையா கண்ணு? சொல்லியிருக்கலாமேடா."