மூன்றாவது சுவிட்ச்

எனக்கு யார் மேலும் லேசில் நம்பிக்கை வராது. பாலை மோந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பேன். பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. நாளெல்லாம் துணியில் ஓட்டை தேடுகிறவள் மனுஷரை மட்டும் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள்? என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் என்னை ‘சிஐடி ஆஷா’ என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் டியூப்லைட் சுவிட்ச் கருகிப்போனது. அதற்கு முந்தின நாளே தட்டினால் உள்ளே சர்ரென்று சத்தம், பிளாஸ்டிக் தீய்கிற வாடை. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால், பல்லடத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறேன் என்றான். பின்னால் தறி ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது. எந்தக் கல்யாண வீட்டில் தறி ஓடுமாம்?

“ஒரு சுவிட்ச்தானட்டி, நானே மாத்திருதேன்” என்றார் இவர்.

எனக்குச் சம்மதமில்லை. சாத்தான்குளத்திலிருந்து இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு கிளம்பி வந்தவர்கள் நாங்கள். இந்த ஊரில் எனக்கு இவர் ஒருத்தர்தான். இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து அழக்கூட ஆள் கிடையாது.

“மெயினை அமத்தும் முன்னாடி டெஸ்டரைப் பிளக்குல வச்சுக் காட்டுங்க” என்றேன். “டெஸ்டரே கெட்டுப்போயிருந்தா?”

சிரித்துக்கொண்டே வைத்துக் காட்டினார். சிவப்பாக எரிந்தது. டெஸ்டர் யோக்கியம்தான்.

“அமத்தினதுக்கு அப்புறம் ஒவ்வொரு வயரா வச்சுப் பாக்கணும். நடுவுல கையை எடுத்தாலும் சரி, தும்மினாலும் சரி, மறுபடி தொடும் முன்னாடி மறுபடியும் வைக்கணும். சத்தியம் பண்ணுங்க.”

“உன் மேல சத்தியம் தாயே.”

“என் மேல எதுக்கு? உங்க மேல பண்ணுங்க.”

எங்கள் லைன் வீட்டில் நாலு குடித்தனம், எல்லோருக்கும் ஒரே மெயின். வாசலில் இருக்கிறது. கரண்ட் போனால் அக்கம்பக்கம் எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அங்கே எரிந்தால் யாராவது வந்து மெயினைத் தூக்கிவிடுவார்கள். ஏன் எதற்கென்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். அதனால் மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் நான் நின்றுகொண்டேன். வரட்டும், எவர் வந்தாலும் சரி.

கமலாம்பாள்தான் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. பலகாரம் கொண்டு வருகிற சாக்கில் வீட்டை ஒரு சுற்று நோட்டம் விடுகிறவள். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு டிவியில் படம் ஓடவேண்டும்.

“ஏனுங்க கண்ணு, கரண்ட் இல்லீங்களா?”

“நாங்கதான் அமத்திருக்கோம். சுவிட்ச் மாத்துதாங்க.”

“அப்படீங்களா. நீங்க போய் அவருக்கு ஒத்தாசையா இருங்க. இதை நான் பாத்துக்கறனுங்க.”

ஆகா! நான் நகர வேண்டும், இவள் தூக்கிவிட வேண்டும். “பரவாயில்லக்கா” என்று இன்னும் நெருங்கி நின்றேன்.

போனாள். மறுபடி வந்தாள், டம்ளரில் மோருடன். “வெயில்ல நிக்கறீங்க, குடிங்க கண்ணு.” வாங்கினால் கட்டையைக் கீழே வைக்க வேண்டும். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும், எனக்கென்ன.

“உங்க ஊட்டுக்குள்ள ஜன்னலே இல்லீங்களே. அவரு இருட்டுல என்ன பண்ணுவாரு?”

“செல்போன் டார்ச் இருக்குக்கா.”

அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு வீட்டுப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசினாள். குரலைத் தாழ்த்தி. காதைத் தீட்டிக் கேட்டேன். ‘மகுடேஸ்வரன்’ என்ற பெயர் மட்டும் பிடிபட்டது. எங்கள் ஹவுஸ் ஓனர். அடுத்த காம்பவுண்டில் நிட்டிங் கம்பெனியும் அவருடையதுதான். கேட்காமல் வயரில் கைவைக்கிறோம் என்று கோள் மூட்டுகிறாள், வேறென்ன? மோர் கொடுத்த கையோடு! மனசுக்குள் அவளை நன்றாகத் திட்டித் தீர்த்தேன்.

அப்போது அவள் வீட்டுக்குள் பல்பு எரிந்தது.

என் கையைப் பார்த்தேன். கட்டை இருந்தது. மெயினைப் பார்த்தேன். கீழேதான் இருந்தது.

“உங்க வீட்டுல எப்படிக்கா எரியுது?”

“கம்பெனியில இருந்து வர்ற தனி லைனுங்க கண்ணு” என்றாள் சிரித்தபடி. “கரண்ட் போச்சுன்னா ஷிப்டுக்குப் போறவங்க தடுமாறக்கூடாதுன்னு ஓனரு, ஊட்டுக்கு ஊடு ஒரு பல்பு குடுத்திருக்காருங்க. போன் பண்ணாப் போட்டு உடுவாங்க. உங்களுக்குஞ் சேத்தித்தான் சொன்னனுங்க. உங்க ஊட்டுக்காரரு பாவம், வெளிச்சமில்லாம…”

எங்கள் போர்டில் மூன்று சுவிட்ச். ஒன்று டியூப்லைட்டுக்கு, ஒன்று ஃபேனுக்கு. மூன்றாவதைத் தட்டினால் எதுவும் எரியாது. மேலே ஒரு செத்த பல்பு தொங்கும். குடிவந்த நாளிலிருந்து எதற்கு என்று யாரையும் கேட்கவில்லை. பூட்டை இழுத்துப் பார்க்கிற நான், பாலை மோந்து பார்க்கிற நான், அதைக் கேட்கவில்லை. மெயினை இறக்கினாலும் கம்பெனி லைன் வருவது அதில்தான்.

“கையை எடுங்க! கையை எடுங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். அடுத்த காம்பவுண்டில் மெஷின்கள் போட்ட இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை.

உள்ளே இவர் மர ஸ்டூல் மேல் நின்றிருந்தார். போர்டு திறந்து தொங்கியது. ஒரு கையில் புது சுவிட்ச், இன்னொரு கையில் டெஸ்டர். டெஸ்டருக்குள் சின்னதாகச் சிவப்பு.

“எரியுதுட்டி” என்றார். “அப்பம் பாத்தேன், ஒண்ணுலயும் இல்ல. ஸ்குரூ கீழ விழுந்துட்டு. எடுத்துட்டு வந்து தொடப் போனேன்…”

அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினேன். நெஞ்சில் இரண்டு குத்து விட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சத்தியம் பண்ணினதாலயா வச்சுப் பாத்திய?”

“சத்தியமாவது ஒண்ணாவது” என்றார். “நீ வந்து கேப்பல்லா. வைக்காம வச்சேன்னு சொன்னா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவ. அந்தப் பயத்துலதான் வச்சேன்.”

வாசலில் கமலாம்பாள் வந்து நின்றாள். அதே சிரித்த முகம். எத்தனை நாள் அந்தச் சிரிப்புக்குள் எதையோ தேடியிருப்பேன். ஒன்றுமே இல்லை, வெறும் பிரியம்தான்.

“வெளிச்சம் பத்துதுங்களா கண்ணு?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ சாமி, நான் நல்லதுக்குன்னு…” என்று போனை எடுத்து, கம்பெனி லைனை நிறுத்தச் சொன்னாள். அவள் வீட்டு பல்பு அணைந்தது.

நான் அவள் பக்கத்தில் போய் ஃபியூஸ் கட்டையை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினேன். “மெயின்கிட்ட நின்னு பாத்துக்கோங்கக்கா. யார் கேட்டாலும் குடுக்காதீங்க.”

“குடுக்கவே மாட்டனுங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இவர் மறுபடி ஸ்டூலில் ஏறினார். “எல்லாம் அமத்தியாச்சுல்லா?” என்றார்.

“டெஸ்டரை வைங்க” என்றேன்.

இந்தத் தடவை சிரிக்கவில்லை. மூன்று சுவிட்சுக்கும் வைத்துப் பார்த்தார்.