அடைக்கலமேரியின் தும்மல்

1951ஆம் வருஷம் தை மாதத்திலிருந்து அடைக்கலமேரி தும்மினால் குளவி வந்தது. மனுஷரைக் கொட்டுகிற குளவி இல்லை. எறும்பு அளவே உள்ள கறுத்த பொடிக்குளவி. ஒரு தும்மலுக்கு ஒரு கைப்பிடி தேறும். அரிமளத்துக்குக் கிழக்கே மேலத்தோப்பில் அந்த வருஷம் நெல் விலை ஏறியிருந்தது, கண்மாய் பாதிதான் நிரம்பியிருந்தது, அடைக்கலமேரி குளவி தும்மினாள். ஊர் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் பேசிவிட்டு வேலைக்குப் போனது.

சமாச்சாரம் சர்க்கார் வழியாக வந்ததுதான். புதுக்கோட்டை சமஸ்தானம் மதராஸ் மாகாணத்தோடு சேர்ந்த பிறகு தென்னையில் கருந்தலைப் புழு விழுந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று சிலர் சொன்னார்கள், நிரூபிக்கவில்லை. புழு ஓலையின் அடிப்பக்கம் நூலாம்படை மாதிரிக் கூடு கட்டி உள்ளே உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பு தீப்பிடித்து அணைந்த மாதிரி இருக்கும். ஆத்மநாதன் என்ற விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் கண்ணாடிக் குழாய்களில் பொடிக்குளவி கொண்டுவந்தார். பெண் குளவி புழுவின் கூட்டுக்குள் புகுந்து, கொட்டி மயக்கி, அதன் மேலேயே முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வளர்ந்து, தோலை மட்டும் விட்டுவிட்டு அடுத்த புழுவைத் தேடிப் போகும் என்று விளக்கினார். “மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரிங்களா சார்?” என்று கேட்டார் தோப்புக்காரர் ரெங்கசாமி. “ஏறக்குறைய” என்றார் டிமான்ஸ்ட்ரேட்டர். தேங்காய் பொறுக்க வந்திருந்த அடைக்கலமேரியிடம் ஒரு குழாயைக் கொடுத்து, அதன் வாயில் அடைத்திருந்த பஞ்சை எடுக்கச் சொன்னார். அவளுக்கு அன்று ஜலதோஷம். பஞ்சை எடுத்த நேரம் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். குழாய் காலியாகிவிட்டது. குளவிகள் விடப்பட்டன என்று ஆபீசுக்கு ரிப்போர்ட் போயிற்று. அது பொய்யும் இல்லை.

அடுத்த வாரம் அவள் தும்மிய இடத்தில் நின்ற தென்னை தேறியது. அதிலிருந்து மரத்துக்கு மரம் நிறுத்தி அவளைத் தும்ம வைத்தார்கள். தும்மல் வராத நாட்களில் மூக்குப்பொடி கொடுத்தார்கள். மூக்குப்பொடியில் பிறந்த குளவிகள் சற்றுப் படபடப்பாகப் பறந்தன. வேலையில் குறை வைக்கவில்லை. கண்டிக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டதால், மகள் அருள்ராணியை வளர்க்க அவளுக்கும் இந்த வேலை வேண்டியிருந்தது. மூக்கு சிவந்து, விலா எலும்பு நொந்து, ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவே கிடைத்த தூக்கத்தை நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். காலையில் தோப்புக்கு அழைத்துப்போனவர்களே, பெண் பார்க்கவோ பத்திரம் பதியவோ கிளம்பும்போது, “அக்கா, செத்த அங்கிட்டுப் போயி நில்லுங்க, நல்ல காரியத்துக்குப் போறோம்” என்பார்கள். தும்மல் அபசகுனம், குளவி லாபம். இரண்டையும் ஒரே மூக்கில் வைத்துக்கொள்ள ஊருக்குச் சிரமமாக இல்லை. அவள் அங்கிட்டுப் போய் நின்றாள். எட்டு வருஷமாக எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டுவதை அவள் பார்த்ததில்லை. சாப்பாடு மட்டும் தூக்குவாளியில் வீடு தேடி வந்தது.

1959இல் அருள்ராணிக்கு ஆவூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா மைக்கேல்சாமி வாத்தியார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துபவர். “எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாதுங்க. எங்க சொந்தபந்தந்தான் ஒரு மாதிரி” என்று ஆரம்பித்து, கோயிலுக்குள் சம்மந்தி தும்மக் கூடாது, முடியாதென்றால் வெளியே நிற்கலாம், சாப்பாடு எடுத்து வைக்கப்படும் என்று முடித்தார். ஒரே மகள் கழுத்தில் தாலி ஏறுவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர அடைக்கலமேரி இந்த உலகத்தில் வேறு எதையும் கேட்டிருக்கவில்லை. ஆத்மநாதனிடம் போனாள். அதற்குள் விவசாய ஆபீஸ் குளவியை விட்டுவிட்டுப் புழுமருந்துத் தூளுக்கு மாறியிருந்தது. அவர் ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். “ஒரு சிட்டிகை மோந்தா உள்ள இருக்கறதெல்லாம் செத்துரும்னு நெனைக்கிறேன். ஆனா சர்க்குலர்ல மனுஷங்களப் பத்தி ஒண்ணும் போடல.”

“தென்னமரத்துக்கு அடிக்கிறத எம் மூக்குல போடச் சொல்றீங்களே சார், நான் என்ன மரமா?”

கேட்டாளே தவிரப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். வீட்டில் அதன் பக்கம் போன எறும்புகள் வரிசை கலையாமல் செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, குழி தோண்டிப் புதைத்தாள். வெளியே நின்றுகொள்வதாக ஆவூருக்குச் சொல்லியனுப்பினாள்.

பொட்டலம் வாங்கியது ஊருக்குத் தெரிந்தது, புதைத்தது தெரியவில்லை. கல்யாணத்தன்று காலை, முந்தின நாளே ஆவூர் போய்விட்ட மகளிடம் போய்ச் சேர பஸ்ஸுக்குக் கிளம்பியவளை, ரெங்கசாமி தலைமையில் தோப்புக்காரர்கள் வழிமறித்தார்கள்.

“மேரியக்கா, மருந்தை மோந்துட்டா அப்பறம் எங்க கதி? நம்ம கொல்லைக்கு மட்டும் ஒரு தும்மல் போட்டுட்டுப் போங்க.”

“எம் மகளுக்குத் தாலி கட்டப் போறாங்கப்பா!”

“ரெண்டே மரந்தான்க்கா.”

எல்லோரும் ரெண்டே மரம் என்றார்கள். எல்லா மரத்துக்கும் தும்மி முடித்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் அதன் வழக்கப்படி வரவில்லை.

ஆவூர் மாதா கோயிலில் சாமியார் அருள்ராணியிடம் சம்மதமா என்று கேட்டார். அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் கேட்டார். “எங்க ஆத்தா வந்து முன்னால ஒக்காரட்டும் சாமி. அப்பறம் சொல்றேன்” என்றாள்.

வாத்தியார் எழுந்தார். “வெளியில நிப்பாங்கன்னுதானேம்மா பேச்சு?”

“அது ஒங்க பேச்சு மாமா.”

நற்கருணை வாங்குவதற்காகப் பாதிப் பேர் பழைய வழக்கத்தை விடாமல் ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். வெயில் ஏறியது. மேளக்காரர்கள் மேளத்தின் மேல் தலைவைத்துப் படுத்தார்கள். மாப்பிள்ளை பீடத்துப் படியில் உட்கார்ந்தார். பந்தலில் சோறு முதலில் ஆறியது, பிறகு கட்டியானது. அருள்ராணி நின்றுகொண்டே இருந்தாள். நின்று பழகியவளின் மகள். முதல் ஒரு மணி நேரம் அவளைத் திட்டினார்கள், பிறகு அவள் அம்மாவைத் திட்டினார்கள், பிறகு திட்டவும் தெம்பில்லாமல் சும்மா இருந்தார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் அடைக்கலமேரி வந்தாள். மெயின் ரோட்டிலிருந்து நடந்த புழுதி முழங்கால் வரை. சேலை முந்தியில் மூக்குப்பொடிக் கறை. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, வாசலுக்கு வெளியே சுவரோரம் நின்றாள். மைக்கேல்சாமி வாத்தியார் தூணைப் பிடித்து எழுந்து வந்து அவளைப் பார்த்தார். சொந்தபந்தத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் யாரும் தலை நிமிரவில்லை.

“உள்ள வாங்க சம்மந்தி. தும்மல் வந்தா தும்மிக்கிருங்க. சனம் பசியில கெடக்கு.”

அவள் முன்வரிசையில் தரையில் தூணோரமாக உட்கார்ந்தாள். சாமியார் மறுபடியும் சம்மதமா என்று கேட்டார். அருள்ராணி வாய் திறப்பதற்குள் அடைக்கலமேரி தும்மினாள். அந்த எட்டு வருஷத்தில் அவ்வளவு பெரிய தும்மல் வந்ததில்லை என்பது பிற்பாடு ஆவூரிலும் மேலத்தோப்பிலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. குளவிகள் புகைபோல எழும்பி மெழுகுவத்திகளைச் சுற்றின; கொஞ்சம் அருள்ராணியின் முக்காட்டில் அமர்ந்தன, ஒன்று மாப்பிள்ளையின் மூக்கில். இரண்டு கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. சகுனம் பார்ப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

“சேசு மரி சூசை” என்றார் சாமியார். பூசைப் புத்தகத்தின் மேல் நடந்த குளவியை விரலால் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கேட்டார்.

“சம்மதம் சாமி.”

தாலி ஏறியது. அடைக்கலமேரி கடைசி முடிச்சு வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு தூணில் தலையைச் சாய்த்துக் கால் நீட்டித் தூங்கிப்போனாள். பந்திக்கு ஓடியவர்கள் அந்தக் கால்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். குளவிகள் ஜன்னல் வழியாக வெளியேறி, கோயில் மதிலுக்கு அப்பால் நின்ற தென்னைகளில் புழு இருக்கிறதா என்று பார்க்கப் போயின.