மிச்சமிருந்த ஒரு படம்

கறுப்பு வெள்ளை ஃபிலிம் இருந்த தட்டில் கடைக்காரர் இப்போது செல்போன் உறைகளை அடுக்கியிருந்தார். "வந்தது ரெண்டே ரோல்மா. கல்யாணப் படம் பழசு மாதிரி இருக்கணும்னு ஒரு ஜோடி வந்து வாங்கிட்டுப் போயிடுச்சு. இனி எப்ப வரும்னு தெரியல. வந்தாலும் இன்னொரு மடங்கு விலை ஏறியிருக்கும்" என்றார். படம் எடுப்பவள் போன தடவை விலை ஏறியபோது அவரோடு சண்டை போட்டவள்தான். இன்று அதற்கும் தெம்பில்லை.

படியிறங்கும்போது பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "அக்கா, வர முடியுமா?" அவ்வளவுதான். அவள் கூப்பிட்டால் உயிரில்லாமல் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். பெற்றவர்கள் கையில் ஏதாவது மிஞ்சட்டும் என்று காசு வாங்காமல் இவள் படம் எடுத்துக் கொடுப்பாள். பிழைப்புக்கு அடையாள அட்டைப் படங்கள் இருந்தன. இதற்கு மட்டும் பழைய கேமரா, கறுப்பு வெள்ளை. உயிர் போன அந்தத் தோலின் நிறம் பெற்றவர்களோடு வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நினைத்தாள். ஒரு முறை செல்போனில் எடுத்து நிறத்தை நீக்கித் தந்தாள். அந்தத் தாயின் விரல் திரையில் எங்கேயோ பட்டு, நிறம் திரும்பி வந்துவிட்டது.

முன்பெல்லாம் ஒரு குழந்தைக்கு ஒரு ரோல் முழுக்கச் செலவழிப்பாள். விரல்கள், காதுமடல், உச்சி முடி. விலை ஏற ஏற அது பாதியாகி, நாலைந்து படமாகி, இன்று கேமராவில் மிச்சம் ஒன்றே ஒன்று.

ஆஸ்பத்திரியில் ஜன்னலோரத் தொட்டிலில் துணி சுற்றிக் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தகப்பன் எழுந்து நின்றான்.

"ஒரு படம்தான் எடுக்க முடியும் தம்பி. ஃபிலிம் கிடைக்கல." சொல்லும்போது நாக்கு கூசியது.

"முகத்த எடுங்க" என்றான்.

"கால்" என்று சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "எனக்குத் தெரிஞ்சது அந்தக் கால் மட்டுந்தான். விலாவுல உதைச்சுக்கிட்டே இருக்கும்."

அவன் படம் எடுப்பவளைப் பார்த்தான். "ரெண்டும் சேத்து விழாதாக்கா?"

"விழும். தள்ளி நின்னு எடுக்கணும். முகம் நகம் அளவுதான் தெரியும்."

தன் செல்போனை எடுத்துக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தான். திரையில் உதடுகள் கருநீலமாகத் தெரிந்தன. எடுக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு கட்டிலருகே போய் மனைவியின் தோளைத் தொட்டான்.

"காலையே எடுக்கட்டும். நீ ஒரு தடவ திரும்பு."

அவள் திரும்புவதற்கு வெகு நேரமானது. நர்ஸ் தொட்டிலைக் கட்டிலோடு ஒட்டித் தள்ளி, கால்மாட்டில் மட்டும் துணியை விலக்கினாள். தாய் கைநீட்டி ஒரு பாதத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். சுண்டுவிரல் அவளுடையதைப் போலவே உள்ளே மடங்கியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

படம் எடுப்பவள் மண்டியிட்டாள். தாயின் விரல் ஓயும்வரை காத்திருந்து, அழுத்தினாள்.

"எடுத்தாச்சு" என்றாள் நர்ஸ்.

குழந்தையின் தலைமாட்டில் தகப்பன் நிமிரவில்லை. இரண்டு கைகளையும் தொட்டில் விளிம்பில் ஊன்றிக் குனிந்து, இமைக்காமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.