கறுப்பு மையில் வெனிலா

விழுப்புரம் நர்சிங் கல்லூரி விடுதியின் வராந்தாவில் வார்டனைப் பார்க்க சித்ரா காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பாசிமணியும் ஊசியும் விற்பவள். மணி மூட்டையை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெஞ்சு காலியாகக் கிடந்தும் தரையில்தான் உட்காரச் சொன்னார்கள்.

மகள் வெனிலா இங்கே இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நரிக்குறவர் வீட்டுப் பெண் என்பது போன வாரம் வரை அறைத் தோழிகள் யாருக்கும் தெரியாது.

எல்லாம் அந்தப் படத்தால் வந்தது. பொங்கல் லீவில் குயிலாப்பாளையத்திலிருந்து அஸ்வின் என்ற ஓவியர் வந்து, அவர்கள் காலனியில் மூன்று நாள் தங்கி அங்கிருந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். "எம் பொண்ணையும் போடு சாமி, நர்சுக்குப் படிக்குது" என்று சித்ராதான் கேட்டாள். வெனிலா இஸ்திரி போட்ட சுடிதாரில் வந்து நின்றாள்.

"இது வேணாம்மா. உங்க ஆளுங்கன்னு பாத்தவுடனே தெரியணும்" என்றார் அவர்.

மகள் தயங்கினாள். சித்ரா தன் பழைய பாவாடையைக் கட்டிவிட்டு, கழுத்து மணிகளையும் கழற்றி அவளுக்குப் போட்டாள். கண்காட்சிச் செய்தியோடு போன வாரம் பத்திரிகையில் வந்தது அந்தப் படம்தான்.

பதினொன்றரைக்கு வார்டன் வெளியே வந்தாள். "உன் பொண்ணு மேல தப்பு ஒண்ணும் இல்ல. கூட இருக்க மாட்டோம்னு மத்த பொண்ணுங்க லெட்டர் குடுத்துட்டாங்க. எனக்குத்தான் பேஜாரு. தனி ரூம் குடுத்துருக்கேன், போய்ப் பாரு."

அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகளை ஒதுக்கி ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். நெடியில் சித்ராவுக்குக் கண் எரிந்தது. வெனிலா வெள்ளைச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊட்டுக்கு வந்துர்றியா?" சித்ரா தங்கள் பாஷையில் கேட்டாள்.

"தமிழ்லயே பேசும்மா. வெளிய கேக்கும்."

சித்ரா வாசலைப் பார்த்தாள். "நான்தான் அந்தப் படத்தப் போடச் சொன்னேன்."

"பரீட்சை வருது. நான் வரல."

சாப்பாட்டு மணி அடித்தது. தலைக்கு மேல் படிகளில் செருப்புச் சத்தம் கூட்டமாக இறங்கிப் போனது. வெனிலா தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ போகலியா?"

"அவங்கல்லாம் சாப்ட்டு முடிச்சப்புறம் கூப்புடுவாங்க."

வெறும் தட்டின் மேல் பாடப்புத்தகத்தை விரித்து, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.