கால் தரையில் படாத ஒன்பது படங்கள்

1

எந்தப் பொருளை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று இணையத்தில் எழுதிப் பிழைக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். மிக்சி, இண்டக்‌ஷன் அடுப்பு, காதில் மாட்டுகிற ஹெட்போன். போன ஆடியில் எனக்கு வந்த தலைப்பு: ‘விளையாட்டுக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் குறைந்த விலையில் நல்ல ஆக்‌ஷன் கேமரா எது?’ ஆறு கேமராக்களை வரிசைப்படுத்தினேன். முதலிடம் கொடுத்ததைப் பற்றி, ‘உங்கள் ஒரு அசைவையும் தவறவிடாது’ என்று எழுதினேன். ஆறில் ஒன்றைக்கூட நான் கையால் தொட்டதில்லை. பெட்டிமேல் அச்சடித்திருந்ததைப் பார்த்து எழுதியது.

கட்டுரைக்குக் கீழே ஒரு கேள்வி வந்தது. ‘சார், நான் நடைப்போட்டிக்குப் போறவ. இந்த முதல் கேமராவுல எடுத்தா, கால் தரையில படுதா படலையான்னு தெளிவாத் தெரியுமா?’

அன்றைக்கு இன்னும் இரண்டு கட்டுரை பாக்கி. ‘தெரியும்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

இந்தக் கதை அந்தச் சொல்லிலிருந்து வந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி அவள் சொன்னது பாதி, நான் நினைத்துக்கொண்டது பாதி. எது எந்தப் பாதி என்று இப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

2

எங்கே தொடங்குவதென்று நாலு நாள் உட்கார்ந்திருந்தேன்.

‘வைகையில் தண்ணீர் வந்திருந்த ஒரு காலையில்…’ வேண்டாம். அவள் ஆற்றுப் பக்கமே போகவில்லை.

‘ஜெனியின் கணவன் டோனி நல்லவன்.’ நல்லவன்தான். ஆனால் அப்படித் தொடங்கினால், அடுத்த பக்கத்தில் ஏதோ செய்யப்போகிறான் என்று நீங்கள் அவனையே முறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

‘மனித வாழ்வில் ஓட்டத்துக்கும் நடைக்கும் இடையே…’ [இதை அடித்துவிட்டேன். கட்டுரை எழுதிய கை, சும்மா இருக்காது.]

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அலங்காரத்துக்கு எனக்கும் தெம்பில்லை.

3

ஜெனிக்கு நாற்பத்து நாலு வயது. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் நடக்க ஆரம்பித்தவள். அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போனவள் அடுத்த தெருவிலிருந்த பிலோமினாள். வேறொரு பள்ளியில் பி.டி. டீச்சர், ஆறு வயது மூத்தவள். விடிந்ததும் இருவரும் சேர்ந்து நடப்பார்கள். நடை வேகமானது. வேகம் ஒருநாள் மூத்தோர் தடகளப் போட்டியில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஐயாயிரம் மீட்டர் நடை. பன்னிரண்டரைச் சுற்று. முதல் இருவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். பதினோராவது சுற்றில் ஜெனி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். மூன்றாவதாக வந்தவள் அரைச் சுற்றுக்கும் பின்னால். அப்போது தலைமை நடுவர், வெளியேறச் சொல்லும் சிவப்பு மட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

[நடைப்போட்டியில் எந்நேரமும் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். இரண்டும் எழும்பினால் அது ஓட்டம். மூன்று நடுவர்கள் தனித்தனியாக அப்படிக் கண்டு சிவப்பு அட்டை எழுதினால், வெளியே போக வேண்டியதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு: வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது தப்பு. கேமராவில் எடுத்துக் காட்டி யாரும் எதையும் மாற்ற முடியாது. இது ஜெனிக்கு முன்னமே தெரியும். டோனிக்கும் சொல்லியிருந்தாள்.]

போட்டி முடிந்து நடுவர்களின் குறிப்புத் தாளைப் பார்த்தார்கள். மூன்றாவது அட்டை பிலோமினாளுடையது. அன்றைக்கு ஒரு நடுவர் குறைந்ததால் அவளை நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

டோனி சிம்மக்கல்லில் ஒரு பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறவன். குரல் பெரியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்து நிற்கையில், பத்துப் பேர் காதுபடச் சொன்னான்:

“கூட நடக்குறவ மேல போயிட்டா சிலருக்குப் பொறுக்காது. கண்ணுல பொறாமைய வச்சுக்கிட்டு நடுவரா நின்னா, கால் மேலதான் பறக்கும்!”

பிலோமினாள் நாலு எட்டு தள்ளித்தான் நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

ஜெனி அவனைத் தடுக்கவில்லை. அதை என்னிடம் சொன்னபோது, “நான் வாயத் தொறக்கலை சார். அவரு பேசினது எனக்கு எதமா இருந்துச்சு,” என்றாள்.

நாலு மாதம் பேச்சில்லை. ஜெனி மாலையில் தனியாக நடந்தாள்.

4

கேமரா யோசனை டோனியுடையது.

“யாருக்கும் காட்ட வேணாம். அந்த அம்மாவுக்கு மட்டும் போட்டுக் காட்டுவோம். பாரு, உன் கண்ணு பொய்யி, மிசினு பொய் சொல்லாதுன்னு.”

மூன்று வாரம் அவன் செல்போனில் படமாகப் பார்த்தான். ஒருவன் மலையிலிருந்து சைக்கிளோடு பாய்ந்தான். ஒருத்தி கடலுக்கடியில் மீனோடு நீந்தினாள். எல்லோரும் கேமராவை நெஞ்சில் கட்டிக்கொண்டு எங்கேயாவது விழுந்தார்கள். நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி தரையில் நடப்பதை எந்தக் கேமரா சரியாக எடுக்கும் என்று ஒருவனும் சொல்லவில்லை. நான் ஒருவன்தான் சொன்னேன். ‘தெரியும்.’

டவுன்ஹால் ரோட்டுக் கடையில் நான் முதலிடம் கொடுத்த அதே கேமரா இருந்தது. கடைக்காரர் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேமரா. அதற்குப் பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் கொக்கிகள்.

“இது ஹெல்மெட்டுல மாட்டுறது அக்கா. இது சைக்கிள் ஹேண்டில்பாருக்கு. இந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள போட்டா முப்பது மீட்டர் ஆழத்துக்குத் தண்ணிக்குள்ள போகலாம்.”

“தண்ணிக்குள்ள போகலைங்க. தரையில ஒரு செங்கல் மேல வைக்கணும்.”

“செங்கல் மேலயா?” அவர் டோனியைப் பார்த்தார்.

“ஒரு செகண்டுக்கு எத்தனை படம் எடுக்கும்?” என்று ஜெனி கேட்டாள்.

“நூத்தி இருவது. பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க.”

பெட்டியில் போட்டிருந்தது. நானும் அதைப் பார்த்துத்தானே எழுதினேன்.

5

ஒரு சனிக்கிழமை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, பள்ளி மைதானத்தின் ஓரத்தில் செங்கல்லை வைத்து அதன்மேல் கேமராவை வைத்தாள். வேகமாக ஆறு தடவை அதன் முன்னே நடந்தாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு படமாக நகர்த்தினாள்.

நகர்த்தினாள், கால் நகரவில்லை. மறுபடி தட்டினாள். அதே கால். மூன்றாவது, நான்காவது, அதே கால். ஐந்தாவதில் திடீரென்று ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது.

கணக்கு டீச்சர் அல்லவா, அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அது எடுப்பது நொடிக்கு முப்பது படம்தான். ஒவ்வொன்றையும் நாலு நாலாகப் பிரதி போட்டு நூற்றிருபது என்று கணக்குக் காட்டுகிறது. அவள் தேடிய நேரம், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவிலிருந்த இல்லாத இடத்தில் விழுந்து கிடந்தது.

அன்று மாலை என் கட்டுரைக்குக் கீழே இன்னொரு வரி வந்தது: ‘தெரியலை சார்.’

திட்டியிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். பத்து வருடமாகத் திட்டு வாங்கிப் பழக்கம். இந்த இரண்டு சொல் என்னை உட்காரவிடவில்லை. எழுதியவன் நான்தான், பெட்டியைப் பார்த்து எழுதினேன், மன்னித்துவிடுங்கள் என்று என் போன் நம்பரோடு அனுப்பினேன். அவள் கூப்பிட்டாள். நான் முதல்முறையாக உருப்படியாக ஒரு வேலை செய்தேன்: நாலு பேரிடம் விசாரித்து, உண்மையிலேயே நொடிக்கு இருநூற்று நாற்பது படம் எடுக்கிற பழைய கேமரா ஒன்று யாரிடம் இருக்கிறதென்று கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

6

சோழவந்தானில் கல்யாண வீடியோ எடுக்கிற செல்வக்குமாரிடம் அது இருந்தது. ஜெனி தனியாகத்தான் போனாள். பஸ்ஸில் பக்கத்து சீட் முழுக்க ஈரச்சாக்கு சுற்றிய வெற்றிலைக் கட்டு. மடியில் பையை வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்து போனாள்.

செல்வக்குமார் கேமராவைத் துடைத்துக் கொடுத்தான். ஒரு மூலையில் கீறல்.

“புல்லட்டுல கட்டி மூணாறு வரைக்கும் போயிருக்கு அக்கா. கீழ விழுந்திருக்கு, மழையில நனைஞ்சிருக்கு. பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும். மத்தபடி இதுல விழுந்தது தப்பாது. நீங்க என்னத்த எடுக்கப் போறீங்க?”

“காலை.”

“யாரு காலை?”

“ஏங் காலைத்தான்.”

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கல்யாண வீடியோக்காரர்கள் இதைவிட விசித்திரமானதையெல்லாம் எடுத்திருப்பார்கள்.

[இங்கே ஒரு பத்தி அழித்திருக்கிறேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜெனி பிலோமினாளை நினைத்து அழுவதாக எழுதியிருந்தேன். போனில் படித்துக் காட்டினேன். “அழலை சார். தூங்கிட்டேன்,” என்றாள்.]

7

அடுத்த சனிக்கிழமை. அதே மைதானம். அதே செங்கல்லா என்று கேட்காதீர்கள், தெரியாது.

கம்ப்யூட்டரில் அவள் நடந்தாள். பின்கால் விரல் நுனி மண்ணைத் தள்ளியது. ஒரு படம். ஷூ முனைக்கும் மண்ணுக்கும் நடுவே நூல் அளவு வெளிச்சம். முன்கால் குதிகால் இன்னும் இறங்கவில்லை. அடுத்த படம், இறங்கவில்லை. அடுத்தது. எண்ணினாள். ஒன்பது படம். ஒன்பதாவதில் இரண்டு காலுக்கும் கீழே அவள் நிழல் தனியாகக் கிடந்தது.

வேறொரு காலடியைப் பார்த்தாள். ஒன்பது. இன்னொன்று, எட்டு. மெதுவாக நடந்ததைப் போட்டாள். அதிலும் மூன்று.

அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. பதினோராவது சுற்றிலேயே அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. மூச்சு வாங்கி, இடுப்பு இறுகி, முன்னால் போகிறவளைப் பிடித்துவிடலாம் என்று தோன்றிய நொடியில் கால் லேசானது. அந்த லேசு எதிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். நாலு மாதம் அதைக் கோபத்தால் மூடி வைத்திருந்தாள்.

டோனி வேலை முடிந்து வந்தான். சட்டையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டான்:

“என்ன, தெரிஞ்சுச்சா?”

“பேட்டரி இறங்கிருச்சு.”

“நாளைக்கு எடுப்போம். நானும் வாரேன்.”

“ம்.”

[டோனியை இந்த இடத்தில் கொஞ்சம் மோசமானவனாக ஆக்கிப் பார்த்தேன். படத்தைப் பார்த்துவிட்டு அழிக்கச் சொல்கிற மாதிரி ஒரு பிரதி இருக்கிறது. ஜெனிக்கு அது சௌகரியமாக இருந்திருக்கும், எனக்கும். ஆனால் அவன் சட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, அவள் கால் வலிக்குமே என்று வெந்நீர் வைக்கப் போனான். அவன் பத்துப் பேர் முன்னால் சொன்ன சொல் பொய் என்று இந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.]

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவது: ஜெனி படங்களை அழித்துவிடுகிறாள், கதை அங்கே நிற்கிறது. இது எனக்கு எளிது. ஆனால் அவள் அழிக்கவில்லை.

இரண்டாவது: பிலோமினாள் கதவைத் திறந்ததும் கட்டிக்கொள்கிறாள், மறுநாள் இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். இதை எழுதி முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து படித்தால் என் பழைய கட்டுரை மாதிரி இருந்தது. பெட்டியைப் பார்த்து எழுதியது.

மூன்றாவது, நடந்தது. நடந்த வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல், ஜெனி கேமராவை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். பிலோமினாள் வாசலில் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு கேட்டுக்கு வந்தாள். திறக்கவில்லை.

“ஒன்பது படம்க்கா,” என்றாள் ஜெனி. “கால் படலை. நீங்க எழுதினது சரிதான். அன்னைக்கு அவரு பேசுனதுக்கு நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

“அதைச் சொல்ல கேமரா எதுக்குடி?”

மன்னிப்புக் கேட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்து வந்தவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. அடியில் வேறொன்று இருந்தது. அவளே எதிர்பார்க்காமல் அது வாய்க்கு வந்துவிட்டது:

“தப்புதான்க்கா. ஆனா ஏன் பாத்தீங்க? ஒன்றரைச் சுத்துதான் பாக்கி. அங்கிட்டு ரெண்டாவது பாதையில ஆளுக போய்க்கிட்டிருந்தாங்க. கண்ணை அங்கிட்டுத் திருப்பியிருக்கலாம்ல?”

பிலோமினாள் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்:

“திருப்பத்தான் செஞ்சேன். முடியலை. எட்டு வருசமா உனக்கு ரெண்டு எட்டுப் பின்னாடி வாரேன். உன் காலைப் பாத்துத்தானடி நான் நடக்குறதே.”

இதுவரை சொல்லிவிட்டு ஜெனி போனில் நிறுத்திவிட்டாள். அப்புறம் என்ன ஆயிற்று, நீங்கள் என்ன சொன்னீர்கள், கேட்டைத் திறந்தார்களா என்று மூன்று விதமாகக் கேட்டேன்.

“அதுக்கு மேல எழுத வேணாம் சார்,” என்றாள்.

எழுதத் தெரியாமல் இல்லை. இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு இரும்பு கேட், வெயில், கூட்டி முடிக்காத வாசல். நாலு வரியில் முடித்துவிடலாம். ஆனால் நான் அங்கே இருந்ததில்லை. இல்லாத இடத்தைப் பார்த்ததாக எழுதி எழுதி அலுத்துவிட்டது. ஜெனியின் பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குப் பின்னால் எட்டு வருடம் நடந்தவர் யாராவது இருந்தால், நீங்கள் நிரப்புங்கள்.

“……………………………………,” என்றாள் ஜெனி.