மழையில் குளிக்கப் போனவர்

என் தம்பி சிவனணைந்தபெருமாளை மந்தபுத்தி என்று எழுதிக் கொடுத்தவர் இராசரத்தினம். அவரைப் பழிவாங்கத்தான் நான் மனோதத்துவம் படித்தேன். சேர்க்கைக்கான நேர்முகத்தில் சேவை, ஆர்வம் என்றெல்லாம் சொன்னேன். அத்தனையும் புளுகு.

1952 பங்குனி. ஆய்க்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அவர் சென்னையிலிருந்து வந்தார். பிள்ளைகளின் புத்தியை அளக்க ஒரு சோதனை தயாரித்திருந்தார். அதை வைத்து டாக்டர் பட்டம் வாங்குவது அவர் திட்டம். குற்றாலத்து அருவியில் தண்ணீரில்லாமல் வெறும் பாறை தெரிகிற மாதம் அது. பெருமாள் ஐந்தாம் வகுப்பு. எட்டாம் வகுப்பிலிருந்த நான் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒருவன் மழையில் நனைந்துகொண்டே குளிக்கப் போனான். இதில் என்ன தவறு?" என்று கேட்டார்.

"தப்பு ஒண்ணும் இல்ல சார்" என்றான் பெருமாள்.

"நன்றாக யோசி."

"எண்ணெ தேச்சுக்கிட்டு அருவிக்குப் போயிருப்பான் சார். சாரல்ல நனைஞ்சுக்கிட்டுத்தான் எல்லாரும் போவாங்க."

அவர் சிரித்தார். தலைமையாசிரியரைக் கூப்பிட்டு, பெருமாளை அந்தப் பதிலைத் திரும்பச் சொல்ல வைத்து மறுபடியும் சிரித்தார். ஆனி பிறந்தால் எண்ணெய் வழியும் தலையோடு சாரலில் அருவிக்கு நடக்கிற அதே தலைமையாசிரியர், பட்டணத்துக்காரர் முன்னால் அதைச் சொல்லாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். அதற்குமேல் பெருமாள் எந்தக் கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. இராசரத்தினம் சைபர் சைபராகப் போட்டுக்கொண்டே போனார்.

மந்தபுத்தி, இவனுக்குப் படிப்பு ஏறாது, இடத்தை வேறு பையனுக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய படிப்புப் படித்தவர் சொன்னதை அப்பா அப்படியே நம்பினார். மாடு மேய்த்து, வரப்பு வெட்டி, கடைசியில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலைக்குப் போனான் பெருமாள்.

நான் சென்னைக்குக் கிளம்பியபோது அம்மா, "ஏட்டி, பைத்தியங்களுக்குப் பாடம் எடுக்கவா போற?" என்று கேட்டாள். ஒரே ஒரு பைத்தியத்துக்குத்தான் என்றேன். படித்து முடித்துத் தென்காசியில் ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றில் மனோதத்துவம் கற்பிக்க வந்தேன்.

1964இல் டாக்டர் இராசரத்தினத்தின் சோதனையை எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்கப் போவதாகச் செய்தி வந்தது. அதில் தேறாத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு கிடையாது. ஊருக்கு ஊர் பெருமாள்கள். முடிவு செய்யும் கல்வி அதிகாரிக்கும் டாக்டருக்கும் கருத்தரங்கு என்று சொல்லி அழைப்பு அனுப்பினேன். இடம் குற்றாலம், மாதம் ஆனி. அருவியைச் சொன்னதும் இருவரும் வருவதாகப் பதில் போட்டார்கள்.

பெருமாளிடம் சொல்லி வைத்தேன்: "ஏலே, அந்த ஆளுக்கு நீதான் எண்ணெ தேய்க்கணும். வாயத் தெறக்கக் கூடாது."

"சரிக்கா" என்றான். அவர் முகம் அவனுக்கும் மறந்திருக்கவில்லை.

இருவரும் வந்து இறங்கிய மறுநாள் காலை நல்ல சாரல். அருவிக்குப் போகிற பாதையில் என் சக ஆசிரியை ஞானபாக்கியத்தோடு குடை பிடித்து நின்றேன். டாக்டரும் அதிகாரியும் துண்டைப் போர்த்திக்கொண்டு, எண்ணெய் வழிய, நனைந்தபடி வந்தார்கள். எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் பெருமாள்.

வழிமறித்து வணக்கம் சொன்னேன். "சார், வகுப்புக்காக ஒரு சின்னச் சந்தேகம். ஒருவன் மழையில் நனைந்துகொண்டே குளிக்கப் போனான். இதில் என்ன தவறு?"

டாக்டர் அதிகாரியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "என்னம்மா கேலியா? தவறு ஒன்றுமில்லையே!"

"நன்றாக யோசியுங்கள், சார்."

"இதில் யோசிக்க என்ன இருக்கு? எண்ணெய் தேய்ச்சாச்சு. மழைக்குப் பயந்து அருவியை விட முடியுமா?"

வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தேன். ஆனால் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நானும் அதத்தான சார் சொன்னேன்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சற்று முன் தன் தலையைப் பிடித்துவிட்ட ஆளை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பன்னிரண்டு வருஷம் முந்திய பங்குனியில் நடந்ததை நான் ஒன்றுவிடாமல் சொன்னேன், அதிகாரியின் முகத்தைப் பார்த்து. "இந்தக் கேள்வி சோதனைப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டார். அன்று வகுப்பில் பெருமாள் நின்ற மாதிரியே டாக்டர் நின்றார்.

அருவியில் குளிக்காமலே திரும்பிவிட்டார் அதிகாரி. சோதனை நின்று போனது. அதனால் டாக்டருக்குக் கிடைக்கவிருந்த பெரிய பதவியும் போயிற்று.

அன்று மாலை அவர் என்னைத் தேடி வந்தார். "ஒரே ஒரு பதிலை வெச்சு என் வாழ்நாள் உழைப்பையே குப்பையில போட்டுட்டீங்களேம்மா."

"நீங்க போட்ட வழிதான் சார்" என்றேன்.

மன்னிப்பும் கேட்டார். என்னிடம் ஏன் கேட்கிறீர்கள், யாரிடம் கேட்க வேண்டுமோ அவன் அருவிக்கரையில் இருக்கிறான் என்றேன். அவர் அங்கே போகவில்லை. இரவு ரயிலைப் பிடித்துவிட்டார்.

வருஷா வருஷம் புதிதாகச் சேரும் மாணவிகளுக்கு அந்தக் கேள்விதான் என் முதல் பாடம். உள்ளூர்ப் பெண்கள் சிரிப்பார்கள். வெளியூர்ப் பெண்கள் முழிப்பார்கள். இதைத் தயாரித்தவர் யார் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பட்டத்தையும் சேர்த்து, அவர் பெயரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன்.